சோலார், சிலிண்டர், பஸ், மின்கார்: பருவநிலைப் பணம் எந்த வீட்டுக்குப் போகிறது?

மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டால் 'சூர்ய கர்' திட்டத்தில் மத்திய அரசு தரும் மானியம் 78,000 ரூபாய். ஏழை வீடுகளுக்கான மத்திய அரசின் 'உஜ்வலா' காஸ் இணைப்பு உள்ள வீட்டுக்கு சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம். 2025-26 விதிப்படி ஆண்டுக்கு ஒன்பது சிலிண்டர் வரை வாங்கலாம். ஒன்பதையும் வாங்கினால் 2,700 ரூபாய். ஒரு மாடிக்கு ஒரே தடவையில் போகிற பணம், ஒரு விறகடுப்புக் குடும்பத்துக்கு 29 ஆண்டு மானியம். ஆனால் உஜ்வலா குடும்பங்கள் ஒன்பதெல்லாம் வாங்குவதில்லை. 2024-25-ல் நாட்டின் சராசரி நாலரை சிலிண்டர்தான். அப்படிக் கணக்கிட்டால் 58 ஆண்டு.

இரண்டு திட்டமும் தேவை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அரசிடம் பருவநிலைக்கென்று இருக்கும் பணம் அளவானது. தமிழ்நாட்டு வீடுகளை நேரடியாகத் தொடும் நான்கு வழிகளை எடுத்துக்கொள்வோம்: சோலார் மானியம், மின்வாகன வரி விலக்கு, சிலிண்டர் மானியம், பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்து. முதல் வழியும் மூன்றாவதும் மத்திய அரசின் பணம். நான்காவது மாநிலத்தின் பணம். இரண்டாவதில் இரண்டு அரசுகளுக்கும் பங்கு உண்டு. எந்தக் கஜானாவிலிருந்து போனாலும் அது நம் வரிப்பணம் என்பதால் ஒன்றாக வைத்தே பார்க்கிறேன். ஐந்தாவதாக, அதிகம் பேசப்படாத ஒரு வழியும் உண்டு. நிலக்கரி போன்ற எரிபொருளுக்கு 'கார்பன் வரி' போட்டு, அதை மக்களுக்கே திருப்பித் தருவது. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

ஒரு திட்டம் நல்லதா என்று கேட்கும்போது எத்தனை டன் கரியமில வாயு குறையும் என்று கேட்கிறோம். அதோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: இந்த உதவியை வாங்க அந்த வீட்டிடம் ஏற்கெனவே என்ன இருந்தாக வேண்டும்? சொந்த மாடியா, பிளக் பாயின்ட்டோடு வண்டி நிறுத்த இடமா, தன் பெயரில் மின் இணைப்பா, கையில் ஒரு லட்சம் ரொக்கமா?

வீடுகளைப் பார்ப்போம். அம்பத்தூரில் சொந்த வீடு. கணவன், மனைவி இருவருக்கும் சம்பளம் வருகிறது. இரண்டு ஏ.சி., ஒரு கார், ஒரு ஸ்கூட்டர். இரண்டு மாதத்துக்கு 800 யூனிட் ஓடும். அடுத்தது வடசென்னையில் ஒரு லைன் வீடு. ஆறு போர்ஷன், ஒரே இ.பி. இணைப்பு. வாடகைக்காரர் ஒவ்வொருவருக்கும் ஓனர் வைத்த சப்-மீட்டர். யூனிட்டுக்கு எட்டு ரூபாயோ பத்து ரூபாயோ ஓனர் சொல்வதுதான் கணக்கு. மூன்றாவது பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பு. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து எடுக்கப்பட்ட ஏராளமான குடும்பங்கள் அங்கேதான் கொண்டுபோய் வைக்கப்பட்டன. ஆற்றங்கரையைக் காலிசெய்ததும் வெள்ளத் தடுப்பின் பெயரால்தான். அதன் செலவை அன்று முதல் தினமும் பஸ் ஏறி அடைத்துக்கொண்டிருப்பவர்கள், மயிலாப்பூரிலும் அடையாறிலும் வீட்டுவேலை செய்யும் அந்தப் பெண்கள். நான்காவது இராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு கிராமத்து வீடு. காஸ் அடுப்பு இருக்கிறது. ஆனால் சோறு கொதிப்பது பெரும்பாலும் கொல்லைப்பக்கத்தில், சீமைக் கருவேல விறகில்.

கரியமிலக் கணக்கில் சோலாரை மற்ற மூன்றும் நெருங்கவே முடியாது. 3 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 12 யூனிட் தரும், ஆண்டுக்கு 4,000 யூனிட்டுக்கு மேல். நம் மின்கட்டமைப்பில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமிலம் என்று வைத்தால் ஆண்டுக்கு 3 டன் மிச்சம். பேனல் 25 ஆண்டு உழைத்தால் 75 டன். 78,000 ரூபாயை அதில் வகுத்தால் டன்னுக்கு ஆயிரம் ரூபாய் சொச்சம். இவ்வளவு மலிவான வழி வேறு கிடைப்பது கடினம்.

யாருக்குக் கிடைக்கிறது என்று பார்த்தால் படம் மாறுகிறது. ஒரு கிலோவாட்டுக்கு 100 சதுர அடி நிழல் படாத இடம் வேண்டும். 3 கிலோவாட்டுக்கு மொத்தச் செலவு 2 லட்சத்தை ஒட்டி வரும். மானியம் போக மீதியை வீட்டுக்காரர் போட வேண்டும். பிணையில்லாக் கடன் உண்டு. ஆனால் அதற்கும் மாடி சொந்தமாக இருக்க வேண்டும். லைன் வீட்டுக்காரரும், ஓட்டு வீட்டுக்காரரும், பெரும்பாக்கத்து எட்டு மாடியில் நான்காவது மாடியில் இருப்பவரும் இங்கேயே கழன்றுவிடுகிறார்கள். ஓ.எம்.ஆரில் ஒரு கோடிக்கு ஃப்ளாட் வாங்கியவருக்கும் மாடி தனியாகக் கிடையாது. இது ஏழை, பணக்காரர் என்ற ஒற்றைக் கோட்டில் மட்டும் பிரிவதில்லை.

மாடி இருப்பவர்களுக்குள்ளேயே இன்னொரு பிரிவு உண்டு. தமிழ்நாட்டில் 2016 மே மாதத்திலிருந்து எல்லா வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அடுத்த 100 யூனிட்டுக்கு 2 ரூபாய் சொச்சம்தான். 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்கோ கடைசி யூனிட்டுகள் 8 ரூபாய்க்கு மேல். சோலார் மின்சாரம் பில்லில் கழிவது மேலிருந்து கீழாக. அதனால் அம்பத்தூர் வீட்டுக்கு ஒவ்வொரு சூரிய யூனிட்டும் முதலில் எட்டு, ஒன்பது ரூபாயை மிச்சப்படுத்தும். இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் ஓடும் வீட்டுக்கு இரண்டு ரூபாயைத்தான். அதிகம் செலவழிக்கிற வீட்டுக்குப் போட்ட பணம் சீக்கிரம் திரும்பும். அளவாகப் புழங்குகிற வீட்டுக்கு இந்தத் திட்டத்தில் சேரக் காரணமே இல்லை.

இதற்காக சோலார் மானியத்தை நிறுத்தச் சொல்லமாட்டேன். பேனலை வைக்கிற இடத்தை மாற்ற வேண்டும். சூர்ய கர் விதிகளிலேயே, மின்வாரியம் தானே முன்னின்று பல வீடுகளுக்குச் சேர்த்துப் பேனல் போடும் முறைக்கு இடம் இருக்கிறது. பெரும்பாக்கம், கண்ணகி நகர் போன்ற குடியிருப்புகளின் மாடிகள் அரசு வாரியத்தின் மாடிகள். அங்கே பேனல் போட்டு, விளைந்த யூனிட்டைக் கீழே இருக்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் பங்கு பிரித்து வரவு வைக்கலாம். ஓரிடத்தில் விளையும் மின்சாரத்தை வேறு வேறு மீட்டர்களில் கழித்துக்கொள்ளும் முறைக்கு டெல்லி 2019-லேயே விதி வகுத்துவிட்டது. '100 யூனிட்டுக்குள் ஓடும் வீட்டுக்கு பில்லே இல்லையே, அவர்களுக்கு என்ன லாபம்?' என்று கேட்கலாம். லாபம் அரசுக்கு. அந்த இலவச 100 யூனிட்டுக்கான பணத்தை இன்று மாநில அரசு மானியமாக மின்வாரியத்துக்குக் கொடுக்கிறது. சூரியன் தரும் ஒவ்வொரு யூனிட்டும் அந்தச் சுமையைக் குறைக்கும். மிச்சமாவதில் ஒரு பங்கை, வருடக்கணக்கில் ஓடாமல் நிற்கும் லிப்ட்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் திருப்பினால் ஆறாவது மாடியில் குடம் தூக்கும் பெண்ணுக்கும் லாபம்.

மின்வாகன விலக்கில் எனக்கு இரண்டு மனசு இல்லை. 2023 கொள்கை கொடுத்த வடிவில் இது நான்கில் மிக மோசமான தேர்வு.

தமிழ்நாட்டின் 2023 மின்வாகனக் கொள்கை, 2025 இறுதிவரை மின்வாகனங்களுக்கு நூறு சதவீத சாலை வரி விலக்கு அளித்தது. அதே 2023-ன் இறுதியில் மற்ற வாகனங்களுக்கு வரி ஏற்றப்பட்டது: 10 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரை விலையுள்ள காருக்கு 18 சதவீதம், லட்சம் ரூபாய் வரை விலையுள்ள இருசக்கர வாகனத்துக்கு 10 சதவீதம். இந்த விகிதத்தில் 15 லட்சம் ரூபாய் மின்காருக்கு மாநிலம் விட்டுக்கொடுப்பது 2,70,000 ரூபாய். லட்ச ரூபாய் மின்ஸ்கூட்டருக்கு 10,000. ஒரு காருக்குப் போகும் சலுகையில் 27 ஸ்கூட்டருக்குக் கொடுக்கலாம். ஜி.எஸ்.டி.யிலும் மின்வாகனத்துக்கு 5 சதவீதம்தான், அந்தச் சலுகை தனி. மின்கார் வாங்குகிற குடும்பங்களில் கணிசமானவர்களுக்கு அது இரண்டாவது கார். வரி விலக்கு இல்லாவிட்டாலும் வாங்கியிருப்பார்கள்.

ஸ்கூட்டர் கதை வேறு. மாதம் 40,000 ரூபாய் வருமானமுள்ள இரண்டு குடும்பங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பெரம்பூரில், ரயில் நிலையத்துக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நடை தூரத்தில், கூடுதல் வாடகை கொடுத்து இருக்கிறது. இன்னொன்று வாடகை குறைவென்று கூடுவாஞ்சேரிக்கு உள்ளே தள்ளிப் போய், தினமும் 40 கிலோமீட்டர் பைக்கில் போய்வருகிறது. மாதம் ஆயிரம் கிலோமீட்டர், 22 லிட்டர் பெட்ரோல், 2,200 ரூபாய்க்கு மேல். வருமானம் ஒன்றுதான். ஆனால் பெட்ரோலுக்கு ஐந்து ரூபாய் வரி கூடினால் முதல் வீட்டுக்குத் தெரியாது, இரண்டாவது வீட்டில் அது பிள்ளையின் டியூஷன் பணத்திலிருந்து போகும். வருமானத்தை மட்டும் பார்த்து நிவாரணம் கணக்கிடும் திட்டங்கள் இந்த வித்தியாசத்தைத் தவறவிடுகின்றன. கூடுவாஞ்சேரிக்காரருக்கு மின்ஸ்கூட்டர் கிடைத்தால் அதே ஆயிரம் கிலோமீட்டர் 30 யூனிட் சுற்றில் முடியும். மாதத்துக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாய் மிச்சம். நாள் முழுக்க சாப்பாடு டெலிவரி செய்யும் இளைஞர்களுக்கு இன்னும் கூடுதல் மிச்சம். தடையாக இருப்பவை முன்பணமும், ராத்திரி சார்ஜ் போட ஒரு பிளக் பாயின்ட்டும். லைன் வீட்டில் வாசலில் நிற்கும் வண்டிக்கு ஓனர் வயர் இழுக்க விடுவாரா? மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கயிறு கட்டி இறக்கி சார்ஜ் போடுகிற காட்சியைக் குடியிருப்புகளில் பார்க்கலாம். விபத்தை வரவழைக்கும் வேலை அது. ஆனால் அவர்களுக்கு வேறு வழி இல்லை. கார்களுக்கு விடும் வரியை எடுத்து, குடியிருப்புகளின் கீழ்த்தளத்தில் பாதுகாப்பான சார்ஜிங் பாயின்ட் போட்டால் போதும்.

சிலிண்டரைப் பருவநிலைத் திட்டம் என்று சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். காஸும் புதைபடிவ எரிபொருள்தானே என்பார்கள். விறகுப் புகையில் போகும் கரித்துகளும் பூமியைச் சூடாக்குகிறது, அதைவிட முன்னதாக அடுப்பருகே இருக்கும் பெண்ணின் நுரையீரலைக் கெடுக்கிறது. தமிழ்நாடு 2007-லேயே இலவச காஸ் அடுப்புத் திட்டத்தைத் தொடங்கிய மாநிலம். இணைப்பு இல்லாத வீடு இன்று குறைவு. சிக்கல் அடுத்தடுத்த சிலிண்டர் வாங்குவதில். 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறியபோது சென்னையில் 14.2 கிலோ சிலிண்டர் 868 ரூபாய் 50 காசு ஆனது. உஜ்வலா வீடும் முதலில் முழுப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் நிற்க வேண்டும், 300 பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும். அந்த முழுப் பணம் இல்லாத வாரத்தில் கருவேலங்காடு இருக்கவே இருக்கிறது, வெட்டிக் கட்டித் தலையில் சுமக்கக் காசு கேட்பதில்லை. எரிபொருளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விலை ஏற்றினால், இராமநாதபுரத்து வீடு தூய்மையான எரிபொருளுக்கு மாறாது; பின்னால் போய் விறகுக்குத்தான் மாறும். சமையல் காஸை எந்தக் கார்பன் வரியிலும் சேர்க்கக் கூடாது என்று நான் உறுதியாகச் சொல்ல இதுவே காரணம். மானியத்தைக் கூட்டுவதைவிட, கழித்த விலையிலேயே சிலிண்டரைக் கொடுப்பதும், 5 கிலோ சின்ன சிலிண்டரை ரேஷன் கடை அளவுக்கு எளிதாகக் கிடைக்கச் செய்வதும் அதிக பலன் தரும். சம்பளம் வாரக் கூலியாக வரும் வீட்டுக்கு எரிபொருளும் வார அளவில் கிடைக்க வேண்டும்.

பஸ் திட்டத்தில் ஒரு பெண்ணிடம் ஏற்கெனவே என்ன இருக்க வேண்டும்? ஒன்றும் வேண்டாம். கார்டு, விண்ணப்பம், வருமானச் சான்றிதழ் எதுவும் கிடையாது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் ஏறினால் போதும். 2021 மே மாதம் தொடங்கியது. மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. 2025-26 பட்ஜெட்டில் இதற்கு 3,600 கோடி ஒதுக்கப்பட்டது. 888 ரூபாய் அம்பத்தூர் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல் செலவு. பெரும்பாக்கத்துப் பெண்ணுக்கு ஒரு சிலிண்டர்.

கரியமிலக் கணக்கில் இது பலவீனமான திட்டம் என்பதையும் சொல்லியாக வேண்டும். இலவசத்தால் பஸ் ஏறியவர்களில் பலர் முன்பு டிக்கெட் வாங்கி வந்தவர்கள், அல்லது நடந்தவர்கள். காரையோ பைக்கையோ விட்டுவிட்டு வந்தவர்கள் குறைவு. அது உடனடிக் கணக்கு. பத்தாண்டுக் கணக்கில் நான் பார்ப்பது, பஸ் கிடைப்பதால் வண்டி வாங்காமலே இருக்கும் வீடுகளை. முதல் பைக்கை வாங்கிவிட்ட குடும்பம் திரும்ப பஸ்ஸுக்கு வருவது அபூர்வம். அதைத் தள்ளிப்போடும் வலிமை இலவசத்தைவிட, பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்பதற்கே உண்டு. வெள்ளை போர்டு போட்ட சாதாரணக் கட்டண வண்டிக்காக அரை மணி நேரம் நின்று, இலவசம் செல்லாத மூன்று டீலக்ஸை விட்டு, கடைசியில் ஷேர் ஆட்டோவுக்கு முப்பது ரூபாய் கொடுக்கும் பெண்ணுக்குத் திட்டம் காகிதத்தில்தான் இருக்கிறது. 2025 ஜூன் இறுதியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்பேருந்துகள் ஓடத் தொடங்கின. பஸ் எண்ணிக்கை கூடுவதும், மின்பஸ்ஸாகக் கூடுவதும், சாதாரணக் கட்டணத்தில் கூடுவதும் ஒரே நேரத்தில் நடந்தால், நான்கு வழிகளில் இதற்கே என் முதல் ஓட்டு.

ஆயிரம் கோடி ரூபாய் வைத்துப் பாருங்கள். சோலார் மானியமாகப் போனால் 1 லட்சத்து 28 ஆயிரம் மாடி. சிலிண்டராகப் போனால், இன்றைய நாலரை சிலிண்டர் கணக்கில், 74 லட்சம் குடும்பங்களுக்கு ஓராண்டு. 15 லட்ச ரூபாய் மின்கார்களுக்கு வரி விலக்காகப் போனால் 37,000 கார். பஸ்ஸாக ஓடினால், மாநிலம் முழுக்கப் பெண்களுக்கு ஏறத்தாழ நூறு நாள்.

இனி அந்த ஐந்தாவது வழி. இந்தியாவில் கார்பன் வரி கிடையாது என்று நினைப்பவர்கள் அதிகம். நிலக்கரி டன்னுக்கு 2010-ல் 50 ரூபாய் மேல்வரி போடப்பட்டது. 2014-ல் 100, 2015-ல் 200, 2016-ல் 400 என்று ஏறியது. முதலில் தூய எரிசக்தி மேல்வரி என்று பெயர், 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது மாநிலங்களுக்கான இழப்பீட்டு மேல்வரியாக மாறியது. ஒரு யூனிட்டுக்கு 700 கிராம் நிலக்கரி எரிகிறது என்றால், அனல் மின்சாரத்தில் யூனிட்டுக்கு 28 காசு. 2025 செப்டம்பரில் இந்த மேல்வரி நீக்கப்பட்டு, நிலக்கரி மீதான ஜி.எஸ்.டி. 5-லிருந்து 18 சதவீதமானது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. எடைக்கு வரி போட்டால் சாம்பல் அதிகமுள்ள மலிவு நிலக்கரிக்குச் சுமை கூடும். விலைக்குப் போட்டால் அதற்கே சுமை குறையும். டன் 1,500 ரூபாய் நிலக்கரிக்கு முன்பு 475 ரூபாய் வரி, இப்போது 270.

அந்த 28 காசை வசூலித்து வீட்டுக்கு வீடு சமமாகத் திருப்பிக் கொடுத்திருந்தால்? இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் வீடு 56 ரூபாய் கட்டும், 1,000 யூனிட் வீடு 280 கட்டும். மொத்தம் 336-ஐச் சமமாகப் பிரித்தால் வீட்டுக்கு 168. சின்ன வீட்டுக்கு 112 ரூபாய் கூடுதல், பெரிய வீட்டுக்கு 112 கழிவு. வரி எல்லோருக்கும் ஒன்றாகவே இருந்தும் லாபம் குறைவாகப் புழங்குகிறவர் பக்கம் போகிறது. ஆனால் நிலக்கரி, டீசல் விலை மின்பில்லோடு நிற்பதில்லை, கோயம்பேட்டுத் தக்காளி வரைக்கும் வரும். 2022-23 நுகர்வுச் செலவு ஆய்வின்படி கிராமக் குடும்பங்களின் செலவில் 46 சதவீதம் உணவுக்கே போகிறது. திருப்பித் தரும் தொகை அதையும் ஈடுகட்டுகிற அளவுக்கு இருக்க வேண்டும்.

கனடாவில் 2019 முதல் இதைச் செய்தார்கள். வசூலில் சுமார் 90 சதவீதம் குடும்பங்களுக்கே போனது, வருமானம் குறைந்த பெரும்பாலான வீடுகளுக்குக் கட்டியதைவிடக் கூடுதலாகவே திரும்பியது. ஆனால் வரி ஒவ்வொரு தடவை பெட்ரோல் போடும்போதும் கண்ணில் பட்டது. திரும்பி வந்த பணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சத்தமில்லாமல் வங்கிக்கு வந்தது. அரசியலில் அது தோற்று, 2025 ஏப்ரல் 1 முதல் வரி நீக்கப்பட்டது. பிரான்சில் 2018-ல் திருப்பித் தரும் ஏற்பாடே இல்லாமல் எரிபொருள் வரியை ஏற்றப்போய், காரை விட்டால் வேறு போக்கிடம் இல்லாத சிற்றூர் மக்கள் மஞ்சள் சட்டையோடு சாலைக்கு வந்தார்கள். பணம் முதலில் கைக்கு வர வேண்டும், விலை அப்புறம் ஏற வேண்டும். வருகிற பணத்துக்கு மக்கள் அறிந்த பெயரும் தேதியும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு இது புதிதில்லை. 2023 செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத் தொகை ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் போகிறது. அது வரும் தேதியைத் தெருவே அறிந்திருக்கிறது.

எந்தப் பட்டியலை வைத்துத் திருப்பிக் கொடுப்பது என்பது சின்ன விஷயமாகத் தெரியலாம், ஆனால் எல்லாமே அதில் அடங்கியிருக்கிறது. மின் இணைப்பை வைத்துக் கொடுத்தால் லைன் வீட்டு ஆறு குடும்பங்களின் பங்கும் ஓனரிடம் நின்றுவிடும், இலவச 100 யூனிட் இன்று நிற்பதைப்போல. குடும்ப அட்டையை வைத்துக் கொடுத்தால் வாடகைக்காரருக்கும் வரும். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 2.2 கோடி அட்டைகள் உள்ளன, அட்டையும் வருமானம் பார்த்து மறுக்கப்படுவதில்லை. அதனால் என் தேர்வு குடும்ப அட்டை. அதிலும் விடுபடுகிறவர்கள் இருக்கிறார்கள்: பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம் கட்டடங்களில் தகரக் கொட்டகை போட்டுத் தங்கியிருக்கும் தொழிலாளர்கள். 'ஒரே நாடு ஒரே ரேஷன்' வழியில் அவர்களுக்கு இங்கே அரிசி கிடைக்கிறது. தமிழ்நாட்டு அட்டைக்குப் போகும் பணம் எதுவும் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. அவர்களும் இங்கேதான் விலை கொடுத்து வாங்கிச் சமைக்கிறார்கள், வெயிலில் நிற்கிறார்கள். திருப்பித் தரும் திட்டம் எழுதப்படும் நாளில் முதல் பக்கத்திலேயே அவர்களுக்கான வழியும் எழுதப்பட வேண்டும்.